தென்னேரிக்குள் மூன்று புடவை நீளத்தில் ஓர் எட்டு

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஓர் எட்டு. லைசென்ஸ் தேர்வில் தரையில் வரைந்திருப்பார்களே, அதே எட்டுதான். பள்ளியில் என்னோடு படித்த யமுனா அதில் இரண்டு முறை காலை ஊன்றித் தோற்றிருந்தாள். மூன்றாவது தேர்வு திங்கட்கிழமை. நாங்கள் கிளம்பியது அதற்கு முந்தைய ஞாயிறு, ஜூன் மாத வெயில் பல்கூடத் துலக்காத காலை 5.20க்கு.

முதலில் வண்டி. 150 சிசி, நீல நிறம், ஒரு கை மாறியது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஒரு வருடம் ஷிப்டு பார்த்துச் சேர்த்த சம்பளத்தில் அவளே வாங்கியது. உடம்பு முழுக்கப் போருக்குப் போகிற மாதிரி பிளாஸ்டிக் கவசம். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெரியாது, சொந்த முழங்கை மட்டும் அழகாகத் தெரியும். இந்த ரக வண்டிகளுக்கு ஒரு குணம் உண்டு: நேராகப் போகச் சொன்னால் பறக்கும், திரும்பச் சொன்னால் முறைக்கும். ஹேண்டில்பார் கொஞ்சம்தான் திரும்பும். அதனால்தான் ஊரே டிரைவிங் ஸ்கூல்காரரின் மொபெட்டை வாங்கி எட்டுப் போடுகிறது. நானும் அப்படித்தான் பாஸ் செய்தேன். என் லைசென்ஸ் மூன்று வாரக் குழந்தை, இன்னும் தலை நிற்கவில்லை.

யமுனா கேட்டால்தானே? "தெனம் வேலைக்கு ஓட்டிக்கினு போவப்போறது இத. மொபெட்டுல பாஸ் பண்ணிட்டு இதுல வுழறதுக்கா?" என்றாள். சிக்கல் என்னவென்றால், இந்த முறையும் தோற்றால் வண்டி அவள் அண்ணனுக்கு என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அண்ணன் தன் பெயரில் ஒரு ஸ்டிக்கர்கூட அடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

அவளிடம் இருப்பது எல்எல்ஆர், பழகுபவர்களுக்கான தற்காலிக உரிமம். ஆகவே வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' ஸ்டிக்கர், பின்சீட்டில் லைசென்ஸ் உள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். சிரிக்காதீர்கள், சட்டம் சிரிக்கவில்லை.

ஊரின் தெற்கு ஓரத்தில், செவிலிமேட்டில் மீட்டரைச் சுழியில் வைத்தோம். பெட்ரோல் 150 ரூபாய்க்கு. பின்சீட் அரைத் தேங்காய் மூடி அளவு, ஆனால் உயரம் என்றால் அப்படி ஓர் உயரம். கருட சேவையில் பெருமாள் போகும் உயரத்தில் நான் ஊரைக் கடந்தேன். பூக்கடைகள், பால் வண்டிகள், கோபுர நுனியில் மட்டும் ஒட்டியிருந்த முதல் வெளிச்சம் எல்லாம் எனக்குக் கீழேயே நடந்த மாதிரி இருந்தது. ஒரே குறை, ஒவ்வொரு பிரேக்குக்கும் சாமி பட்டர் முதுகில் போய் மோதியது.

"இன்னொரு வாட்டி ஹெல்மெட்டால முட்டினே, எறக்கி வுட்டுட்டுப் பூடுவேன்."

"நீ பிரேக்க மெதுவா புடிம்மா. நான் இன்னா வேணும்னேவா முட்டறேன்?" (இரண்டு முறை வேண்டுமென்றேதான் முட்டினேன்.)

வாலாஜாபாத் 5.58க்கு, 17.8 கிலோமீட்டர். இரண்டு டீ 30 ரூபாய். தென்னேரி ஏரிக்கரை 6.25க்கு, 24.6 கிலோமீட்டர்.

கரை மேல் ஏறியதும் யமுனா வண்டியை நிறுத்தினாள். மழைக்காலத்தில் இந்த ஏரியைப் பார்த்திருக்கிறேன். அப்போது தண்ணீர்தான் கண்ணில் பட்டது, ஏரி படவில்லை. கோடையில் தண்ணீர் நடுவே ஒரு பட்டையாகச் சுருங்கிக் கிடந்தபோதுதான், இத்தனை பெரிய பள்ளத்தையா நிரப்புகிறது மழை என்று தோன்றியது. எதிர்க்கரை கண்ணுக்கு எட்டவில்லை. ஒரு நாரை பறக்கத் தொடங்கி, புள்ளியாகி, அப்புறமும் ஏரிக்குள்ளேயே பறந்துகொண்டிருந்தது.

கரையோரம் தரை சிமெண்ட் போல இறுகியிருந்தது. எட்டு வரையக் கொண்டுவந்த சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிரித்தேன். எட்டின் அளவு யமுனாவுக்கு மனப்பாடம். போன முறை தோற்ற பிறகு மைதானத்தில் ஓரம் ஓரமாக நடந்து அளந்திருக்கிறாள். "மூணு புடவ நீளம்டா. புடவைக்குப் பன்னெண்டு முழம், மொத்தம் முப்பத்தாறு." அவள் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. உலகத்தில் எதைக் கண்டாலும் அவளுக்குப் புடவைக் கணக்குதான்.

நான் முப்பத்து மூன்று முழத்தில் முடித்துவிட்டேன்.

கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. அவள் வண்டி முறைக்க, அவள் வண்டியை முறைக்க, நான் வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு சின்ன ஆசை. அவ்வளவுதான்.

வரைந்து நிமிர்ந்தால் ஆடு மேய்க்கும் ஒருவர் கோலோடு நிற்கிறார். முகம் சரியில்லை.

"யாருபா நீங்க? ஏரிக்குள்ள பிளாட்டு போடுறீங்களா?"

"ஆமாண்ணா. மொத வூடு எட்டு வடிவத்துல."

"கோலால ஒண்ணு போட்டா தெரியும், வடிவம்."

யமுனா ஓடிவந்து ஹெல்மெட்டைக் கழற்றி விஷயத்தைச் சொன்னாள். அவர் சமாதானமாகி, ஆடுகளை எட்டுக்கு வெளியே ஓட்டிவிட்டு, கரைச் சரிவில் குந்தினார். "ஓட்டும்மா, பாக்கலாம்."

ஓட்டினாள். முதல் வளைவிலேயே கால் ஊன்றினாள். மறுபடி. மறுபடி. ஒன்பது மணிக்குள் பதினான்கு முறை. ஏழாவதுவரை சிரித்தேன். பத்தாவதில் சிரிப்பு வரவில்லை. பதினான்காவதில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடிலடா. சாவிய அண்ணன்கிட்டயே குடுத்துடறேன்." தலை குனிந்திருந்தது, தோள் குலுங்கியது.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். வெளியே வந்தது, "எளநீ வாங்கியாரட்டுமா?"

"ம். வண்டி எடுத்துக்கினு போவாத, எனக்கு அதப் பாத்துக்கினாவது இருக்கணும்."

நடந்தேன். சாலையில் இளநீர்க் கடை போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை. இரண்டு இளநீர் 100 ரூபாய். வழி நெடுக மன்னிப்பு ஒத்திகை.

திரும்பி கரை ஏறினால், அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்புக் கோட்டுக்குள், என் சுருங்கிய எட்டுக்குள், நிற்காமல். பார்வை முன்சக்கரத்தில் இல்லை. வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முகம் முதலில் திரும்பியது, பிறகு தோள், பிறகுதான் வண்டி. அரைக் கிளட்சும் பின்பிரேக்கும் சேர்ந்து, மணிக்கு நூறைத் தாண்டும் அந்த எஞ்சினைப் பூனை மாதிரி முனகவைத்தன. ஒரு வட்டம் முடிந்து மறு வட்டத்துக்கு மாறும் இடத்தில் வண்டி ஒரு கணம் நின்றது போலவும் நிற்காதது போலவும் இருந்தது. தூசி எழவில்லை. அத்தனை பெரிய ஏரிக்குள் அத்தனை சின்ன இடம், அதற்கு மேல் அவளுக்கு ஓர் அங்குலம்கூடத் தேவைப்படவில்லை. வேகத்தைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறேன். மெதுவைப் பார்த்து வாய் பிளந்தது அன்றுதான். ஆட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பதினோரு சுத்து தம்பி. காலே வெக்கல."

அவள் வண்டியை நிறுத்தியதும் ஒப்புக்கொண்டேன். "யமுனா, எட்டு மூணு முழம் கம்மி. நான்தான்..."

"தெரியும்டா."

"எப்பத்துலேந்து?"

"ரெண்டாவது ரவுண்டுலேந்து. மூணாவது புடவைக்கு முந்தானையே இல்ல! யாருகிட்ட அளவுல கை வெக்கற?" என் கையிலிருந்த இளநீரைப் பிடுங்கினாள். "சின்னதுல பழகினா பெருசு லேசுன்னு வுட்டேன். காலு ஊணுனது பதினாலும் நெஜம். அழுதது மட்டும் உனுக்காக. வெயிலு எப்டி இருந்துச்சு?"

ஆட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஆடுகள் விலகி ஓடின.

திங்கட்கிழமை. மைதானத்தில் இருபது பேருக்கு ஒரே மொபெட், கைமாறிக்கொண்டே இருந்தது. யமுனாவின் முறை வந்ததும் அதிகாரி வண்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த மொபெட்ட எடுத்துக்கோயேன்?"

"ஓட்டப் போறது இதத்தான் சார்."

நான் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் வட்டம். மாறும் இடம். இரண்டாம் வட்டம். மூன்று புடவையையும் முந்தானையோடு விரித்துக் காட்டிவிட்டு, கால் வைக்காமல் வெளியே வந்தாள். அதிகாரி எழுதிக்கொண்டே, "இன்னொரு தடவ போடும்மா" என்றார். சந்தேகத்தில் கேட்டாரா, பார்க்க ஆசைப்பட்டுக் கேட்டாரா, தெரியாது. போட்டாள்.

மதியம் கைபேசிக்குப் பாஸ் என்று தகவல் வந்த பிறகுதான் எல் ஸ்டிக்கர்களைப் பிய்த்தாள். அண்ணனுக்குச் சாவி போகவில்லை. ஊர் வழியாக வீடு திரும்பினோம், அவள் முன்னால், நான் உயரத்தில். சிக்னலில் ஒரு பாட்டம் சிரித்தார்கள், பூக்கடையில் ஒரு பாட்டம். அவள் வெற்றி அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டதா என்று வியந்து, நானும் கையசைத்தேன். ஓர் ஆட்டோக்காரர் மட்டும், "பாத்து ஓட்டும்மா, பின்னாடி உக்காந்துக்கினு இருக்கறது புதுசு போல இருக்குது" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழுக்கு முன் ஏரியில் இருங்கள், பத்துக்கு மேல் தரை கொதிக்கும். மழைக்காலத்தில் வேண்டாம். ஈரம் தெரியும் இடத்தில் வண்டியை இறக்காதீர்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், இளநீர்க் கடை எவ்வளவு தூரம் என்று நான் அளந்துவிட்டேன். ஸ்போர்ட்ஸ் வண்டி வாங்குகிற புது ஆட்கள் முதலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. ஆட்டுக்காரரிடம் பிளாட்டு என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. யமுனா மாதிரி ஒருத்தியின் பின்னால் ஏறுமுன் உங்கள் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகுதான் நான் பார்த்தேன்: நடு முதுகில், நேராக, சுருக்கமில்லாமல், சிவப்பு எல்.