பாண்டீஸ்வரிக்கு வைத்த சடங்கு

அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் எங்கள் பாண்டீஸ்வரிக்கு ரத்த சொந்தம். அவர்கள் கொடுத்த ரத்தம்தான் அவள் உடம்பில் ஓடுகிறது. சரி, அத்தனை பேரும் என்பது என் வாய்க்கொழுப்பு, பாதியைத் தள்ளிவிடுங்கள். ஆனால் ஒரு வயது நிறைவதற்குள்ளேயே தலசீமியா என்று தெரிந்துவிட்ட பிள்ளை அவள். அவளுடைய ரத்தம் அவளுக்குப் போதாது. மாதந்தோறும் மதுரைக்குப் பஸ் ஏறிப் போய், யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் வளர்ந்தாள்.

ஏறுகிற ரத்தத்தோடு இரும்பும் ஏறும். அது வெளியே போக வழியில்லாமல் ஈரலில் தங்கும், இதயத்தில் தங்கும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற சுரப்பியிலும் போய்ப் படியும். பெண்பிள்ளை வயதுக்கு வர உத்தரவு போடுவது அந்தச் சுரப்பிதான். உத்தரவு வராவிட்டால் ஹார்மோன் ஊறாது. ஹார்மோன் ஊறாவிட்டால் எலும்பும் கெட்டிப்படாது. இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடு தெரிந்தது.

பதினாலு வயதிலும் அவள் பத்து வயதுப் பிள்ளை உயரம்தான். அவள் அப்பாவின் அக்கா மாயக்காள், விசேஷ வீடு தவறாமல் கேட்பாள்.

"ஏன் சீனி, ஓம் மக எப்பத்தான் குச்சுக்குள்ள ஒக்காருவா? எங்களுக்குச் சோறு போடுற நெனப்பு இருக்கா இல்லையா?"

பாண்டீஸ்வரியைப் பெற்ற சீனியம்மாள் என் தங்கை மகள். எம்புட்டுப் பேச்சைத்தான் தாங்குவாள்? ஒரு தை மாதம், மகள் சமைந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். பச்சை ஓலையில் குச்சு கட்டினார்கள். தாய்மாமன் செல்வக்குமார் மேளத்தோடு சீர் கொண்டுவந்தான். ஒன்றும் நடக்காத பிள்ளை, மஞ்சள் தண்ணீரில் நனைந்து, பட்டுச்சேலை சுற்றி மனையில் உட்கார்ந்திருந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஊர் வாய் மூடியது. ஆனால் துணைக்கென்று மாயக்காள் தவறாமல் ஆஸ்பத்திரிக்கும் கூட வருவாள். பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாளா என்று டாக்டரம்மா கேட்டபோது நாத்தனார் பக்கத்தில்தான் நின்றாள்.

"ஆயிட்டா டாக்டர். மாசாமாசம் சரியா வருது" என்றாள் சீனியம்மாள்.

அதனால் ஹார்மோன் சோதனை தள்ளிப்போனது. இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் காலையில் குழாயடியில் வழுக்கிக் கையை ஊன்றினாள் பாண்டீஸ்வரி. முருங்கைக் கொப்பு மாதிரி முன்கை முறிந்தது.

அன்று நானும் கூடப் போனேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டரம்மா, "பதினாறு வயசுப் பிள்ளைக்குக் கிழவி எலும்பா இருக்கேம்மா. மாதவிடாய் சரியா வருதுன்னுதான சொன்னீங்க?" என்றார்.

சீனியம்மாள் நாத்தனாரைப் பார்த்தாள். நான் மாயக்காளின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஆத்தா, வாசல்ல ஜல்லிக்கட்டுக் காளை ஒண்ணு புகுந்திருச்சாம்! வா, பாத்துட்டு வருவோம்."

"ஆசுபத்திரிக்குள்ளயா?"

"ஏன், மாட்டுக்குக் காச்சல் வராதா?"

வாசலில் மாடும் இல்லை, சாணியும் இல்லை.

"மாட்ட எங்க அத்தை?" என்றாள் மாயக்காள்.

"நீ வாரேன்னதும் பயந்து ஓடிருச்சு."

அந்த நேரத்தில்தான் உள்ளே பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். சிங்கம் மாதிரி டாக்டரம்மாவை நேராகப் பார்த்து, "எனக்கு இன்னும் ஆகவே இல்ல. அது சும்மா வச்ச சடங்கு" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் மாத்திரை, எலும்புக்கு மாத்திரை. இரும்பை வெளியேற்றுகிற மாத்திரையையும் கூட்டிக் கொடுத்தார்கள். இப்போது எலும்பு சற்றுத் தேறியிருக்கிறது. போன உயரம் போனதுதான் என்கிறார்கள்.

இதுவரை எழுதியதைப் பாண்டீஸ்வரி வாங்கிப் படித்தாள். சிரிக்கவில்லை.

"சிங்கமா? நான் வாயே தெறக்கல அம்மாச்சி. நீ அத்தையக் கூட்டிக்கிட்டு வெளிய போனதும் அம்மாதான் கதவச் சாத்துச்சு. 'எம்பிள்ள இன்னும் வயசுக்கு வரல டாக்டர், நாந்தான் பொய் சொன்னேன்'னு அவுக கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. அம்மா பேரப் போட்டு மாத்தி எழுது."