உளவாளிப் படத்தில் காணாமல் போன இரண்டு நொடி

தியேட்டர் ஆபரேட்டர் கைசுத்தமான ஆள். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவர் திருடியது ஒன்றே ஒன்று, இரண்டு நொடிப் படம். இன்று காலைக் காட்சியில் அதுதான் அவர் கழுத்தைப் பிடித்தது.

அந்தப் பழைய உளவாளிப் படத்துக்கு மிச்சமிருப்பது இந்தத் தியேட்டர் பிரிண்ட் மட்டுந்தான். திரைப்படக் காப்பகத்துக்காரர்கள் அதைப் பத்திரப்படுத்த எடுத்துப்போக வந்திருக்கிறார்கள். கூடவே படம்பிடித்த கேமராமேனும் எண்பது வயதில் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது ரீலில் கதாநாயகன் முகம் கழுவுவான். கதவிடுக்கில் ஒரு கை மட்டும் நுழைந்து, அவன் கோட்டுப் பையில் எதையோ போடும். இடது கை, சுண்டுவிரலில் மோதிரம். கடைசியில் உயிர் நண்பன் அதே இடது கையால் துப்பாக்கியை நீட்டும்போதுதான், அந்த மோதிரம் யாருடையது என்று விளங்கும். அந்தக் கையைத்தான் நம் மகராசன், படம் வந்த முதல் வாரமே வெட்டி, கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் கொடுத்துப் பெருமையடித்துக் கொண்டார்.

இரண்டாவது ரீல் முடிய எட்டு நிமிஷம் இருக்கையில் ஆபரேட்டர் போன் போட்டு வரச்சொன்ன மனைவி மூச்சிரைக்கப் படியேறி புரொஜெக்டர் அறைக்கு வந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் அந்தத் துண்டு இருந்தது.

"அந்தக் கேமராமேனுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது? விட்டுருங்களேன்."

"எடுத்தவருக்கு மறக்குமா? தெரிஞ்சா வேலையோட மானமும் போயிரும்."

ஒட்டுமுன் பிலிமை உதட்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம். படம் பதிந்த மருந்துப் பக்கம் உதட்டில் ஒட்டும், அதை வைத்து ஒட்டினால் பக்கம் மாறாது. இன்று அவசரத்தில் அதை விட்டுவிட்டார். ஒட்டினார், மாட்டினார், ஓடவிட்டார்.

திரையில் கை வந்தது. சத்தம் கரகரத்தது. மோதிரம் வலது கையில் இருந்தது.

ஆபரேட்டர் அறைத் துவாரம் வழியே எட்டிப் பார்த்தார். கீழே கேமராமேன் எழுந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. ஓடுகிற ரீலை விட்டு எங்கே போய் ஒளிவது?

"திருப்பி ஒட்டியிருக்கு," என்றார் கேமராமேன். "இன்னைக்கு ஒட்டினதா?"

மனைவி என்னவோ சமாளிக்க வாயெடுத்தாள். ஆபரேட்டர் முந்திக்கொண்டார்.

"நான்தான் சார் வெட்டினேன். இவளுக்குக் குடுக்க. படம் வந்த முதல் வாரமே."

திட்டுவார் என்று காத்திருந்தார். பெரியவர் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டாவது வாரம் இங்கதான் வந்து பாத்தேன். என் ஷாட்டக் காணோம். டைரக்டர்தான் வெட்டிட்டான்னு சண்டை போட்டேன். இல்லடா, வேற தியேட்டர்ல போய்ப் பாருன்னான். நான் போகல. அவன் சாவுக்கும் போகல."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபரேட்டருக்கு வேலை போனாலும் தேவலை என்றிருந்தது.

"சரியா ஒட்டுங்க," என்றார் பெரியவர். "அந்தக் கைய வைக்கச் சொன்னதே அவன்தான்."

படம் முடிந்ததும் ஆபரேட்டர் அந்தத் துண்டைப் பிரித்து எடுத்து உதட்டில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. மறுமுனையைப் பெரியவர் பிடித்திருந்தார்.