மணிக்கட்டில் இரண்டு விரல்

கை குலுக்கும்போது டாக்டர் ஹாஸல்பாக்கின் இரண்டு விரல்கள் மட்டும் எதிராளியின் சட்டைக் கைக்குள் நழுவி மணிக்கட்டில் நின்றுவிடும். பேசிக்கொண்டே நாடி பார்ப்பார். நகரசபை மண்டபத்தில் அடுப்பு மூட்டித் தரை துடைக்கும் வேலைக்கு நான் வந்து பத்தொன்பது வருஷமாகிறது. அவர் ஒரு கையையும் சும்மா விட்டு நான் பார்த்ததில்லை. முதல் நாளே என்னிடம், "ரத்தம் போதாது. ஈரல் வாங்கிச் சாப்பிடும்மா" என்றார்.

அவர் பார்க்காத வேலை இல்லை என்பார்கள். கவனித்தால் எல்லாம் அவர் உடம்பிலேயே தெரியும். எவ்வளவு நீளமான மண்டபமானாலும் ஏழு அடி வைத்ததும் சட்டென்று திரும்பிவிடுவார். அரசருக்கு எதிராக 1848-ல் நடந்த கலகத்தில் மாணவராகப் போய்ச் சிறைப்பட்டவர். அந்த அறையில் ஏழு அடிதான் நடக்க முடியும். காப்பிக் கோப்பையை மேஜையின் நடுவில்தான் வைப்பார். அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில் வைத்தியராக இருந்த பழக்கம். புதிதாக மழித்த முகத்தைக் கண்டால், "யாருய்யா மழிச்சது? காதோரம் விட்டுட்டான்" என்பார். எல்லை தாண்டி சூரிக் நகருக்குத் தப்பிப் போனபோது வைத்தியம் பார்க்க அனுமதி கிடைக்காமல் நாவிதர் கடையில் நின்றவர். பொதுமன்னிப்பு வந்தபின் ஊர் திரும்பி, பத்திரிகை நடத்தி, சட்டமன்றத்துக்கும் இரண்டு முறை போய்வந்தார்.

இப்போது அவருக்கு ஒரே ஒரு ஆசை. சந்தைக் கிணற்றைப் பூட்டி, மலைச்சுனைத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவர வேண்டும். போன வருஷக் கோடையில் அந்தக் கிணற்றைச் சுற்றிய தெருக்களில் பதினோரு பேர் காய்ச்சலில் போனார்கள். சபையில் பன்னிரண்டு பேர். அவரையும் சேர்த்து ஆறு பேர் அவர் பக்கம், ஆறு பேர் தோல் பட்டறை முதலாளி ரெக்ளின் பக்கம். சரிபாதியானால் தீர்மானம் தோற்றதாகவே கணக்கு.

"எங்க தாத்தா குடிச்ச தண்ணி, டாக்டரே. எண்பது வயசு இருந்தாரு" என்பார் ரெக்ளின்.

"அவரு காலத்துல கிணத்துப் பக்கத்துல உங்க பட்டறை இல்லியே" என்பார் டாக்டர்.

போன நவம்பரில் வாக்கெடுப்பு. வழக்கம்போல் கை குலுக்கிய டாக்டர் ரெக்ளினின் கையை விடவே இல்லை.

"ரெக்ளின், வீட்டுக்குப் போய்ப் படுங்க. நாடி விட்டு விட்டு அடிக்குது."

"அட! என்னை அனுப்பிட்டு ஆறுக்கு அஞ்சுன்னு ஜெயிக்கப் பாக்குறீங்களா? இதுவும் சூரிக்குல நாவிதர் கடையில கத்துக்கிட்டதா?"

மண்டபமே சிரித்தது. ரெக்ளின் முகத்தில் சாம்பல் பூத்திருந்ததை, அடுப்போரம் நின்ற நான் பார்த்தேன். டாக்டர் ஏழு அடி நடந்தார், திரும்பினார், கோட்டை எடுத்துக்கொண்டார்.

"நானும் வரேன். உங்க பக்கம் ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு குறையட்டும். இப்ப வருவீங்களா?"

அவருடைய கட்சிக்காரர் அச்சகத்து ஊல்மான் கத்தினார்: "எத்தனை வருஷப் பாடு, டாக்டர்! ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்க!"

"அந்த அஞ்சு நிமிஷம் இவருக்கு இருக்கான்னு தெரியலியே, ஊல்மான்."

படியிறங்கும்போதே ரெக்ளின் கைப்பிடியில் சரிந்தார். மேலே வாக்கு ஐந்துக்கு ஐந்து விழுந்து தீர்மானம் தோற்றது. ஊல்மான் ஒரு மாதம் டாக்டருடன் பேசவில்லை.

ரெக்ளின் ஆறு வாரம் படுத்து எழுந்தார். இப்போதெல்லாம் சபைக்கு வந்ததும் சட்டைக் கைப் பொத்தானைத் தானே கழற்றி, மணிக்கட்டு தெரியக் கையை நீட்டுகிறார்.

"மறுபடி தீர்மானம் கொண்டு வந்தாலும் எதிர்த்துத்தான் போடுவேன், சொல்லிட்டேன்."

"பேசாதீங்கய்யா. எண்ணிக்கிட்டிருக்கேன்."

கிணறு இன்னும் திறந்துதான் கிடக்கிறது. நான் விடியற்காலையில் மலைச்சுனைக்கு ஏறித்தான் தண்ணீர் எடுக்கிறேன். இரண்டு வாரமாக ரெக்ளின் வீட்டு வேலைக்காரியும் குடத்துடன் அங்கே வருகிறாள்.