மரியாதைக்கு அலகு இல்லை

கணிதத்தில் எம்.பில். செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. "இன்னும் பட்ச்சிகினுதான் கீறியா?" என்று கேட்பார்கள். மொழிகள் எப்படிச் சாகின்றன என்று கணக்குப் போடுகிறேன் என்றால் ஒருவேளை புரிந்திருக்கும். சொன்னதில்லை. செத்துக்கொண்டிருப்பது உங்கள் மொழிதான் என்று அவர்களிடமே போய் எப்படிச் சொல்வது?

தண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே எங்கள் தெரு. துறைமுகத்தில் மூட்டை தூக்க நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடியிருந்த தெரு. வாசலைத் தாண்டினால் மெட்ராஸ் தமிழ், உள்ளே நுழைந்தால் தெலுங்கு. தெருக்கோடிப் பள்ளியில் தெலுங்குவழி வகுப்பு ஒன்று நடந்துவந்தது. என் அக்கா அதில் தற்காலிக ஆசிரியை. அவள் கணவருக்குக் குடோனில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அக்காவின் வேலையை நம்பித்தான் அந்தக் குடும்பம் நின்றது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த முதல் சில வருடங்களில் இந்தக் கணக்கு புதுசு. ஓர் ஊர், இரண்டு மொழிகள். ஒவ்வொன்றையும் எத்தனை பேர் பேசுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பு என்று இரண்டே விஷயங்களைக் கொடுத்தால் போதும், மிச்சத்தைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். கூட்டம் இருக்கும் பக்கம் ஆள் போவான், மதிப்பு இருக்கும் பக்கம் ஆள் போவான். தீர்வு கண்டால் இரண்டும் சேர்ந்து வாழ வழியே கிடையாது. ஒன்று பூஜ்யத்துக்குப் போயே தீரும். மதிப்பை எதை வைத்து அளப்பது என்று கேட்காதீர்கள். அது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண். கணினித்திரையில் வளைகோடு கணக்கெடுப்பில் கிடைத்த புள்ளிகளின் மேல் வந்து உட்காரும்வரை அந்த எண்ணைத் திருக வேண்டியதுதான். இப்படித்தான் ஏசி அறையில் உட்கார்ந்து என் அம்மா பேசும் பேச்சுக்கு மதிப்புப் போட்டோம்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. நலிந்த மொழியின் மதிப்பை யாராவது வெளியிலிருந்து தூக்கிப்பிடித்தால், பள்ளியில் சொல்லிக்கொடுப்பதுபோல ஏதாவது செய்தால், அது தாக்குப்பிடிக்கும். எங்கள் தெருவில் அப்படித் தூக்கிப்பிடிக்க இருந்தது அக்காவின் வகுப்பு மட்டும்தான்.

அந்த வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒருநாள் பள்ளி வாசலில் அக்கா என்னிடம் கேட்டாள்: "உன் கணக்கு இன்னாடா சொல்லுது? வர்ற ஜூன்ல என் கிளாஸ் இருக்குமா, பூட்டுருவானுங்களா?"

"முதல்ல உன் பொண்ண அந்த கிளாஸ்ல சேத்துடு. அப்புறம் கணக்குப் பார்க்கலாம்" என்றேன். அவள் மகள் அப்போது பக்கத்துச் சந்தில் இருந்த இங்கிலீஷ் நர்சரியில் எல்.கே.ஜி.

அக்கா கோபப்படவில்லை. "எனுக்கு சோறு போடறது தெலுங்கு. எம்பொண்ணு வளர்ந்தா அதுக்கு இன்னா போடும்?" என்றாள். என் சமன்பாட்டில் இவளை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பைத் தொடரலாமா வேண்டாமா என்று பார்க்க கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் தெருவுக்கே வரப்போகிறார் என்று தகவல் வந்தது. தெலுங்கு பேசும் வீடுகள் போதுமான அளவு இருந்தால் வகுப்பு நீடிக்கும். அக்கா வீடு வீடாகப் போனாள். "வீட்ல இன்னா பாஷைன்னு கேப்பாரு. தெலுங்குன்னு சொல்லணும், அவ்ளோதான்" என்று ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லிவைத்தாள். இத்த கூடவா சொல்ல மாட்டோம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் அதன்பிறகு அந்த வீட்டில் தெலுங்கு கிடையாது. அடுப்படியில் இருப்பவளிடம் தண்ணீர் கேட்பதுகூட வந்தவரின் மொழியில்தான். துணி விற்க வரும் சேட்டு உட்கார்ந்தால் தெரியாத இந்தியில் தட்டுத்தடுமாறுவார்கள். வந்தவருக்குப் புரியாததை அவர் முன்னால் பேசினால் அவரையே ஏசுவதுபோல ஆகிவிடும் என்று சின்ன வயதிலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள். நானும் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அதிகாரி ஒரு சனிக்கிழமை வந்தார். நல்ல மனிதர். அதுதான் வினை. அவர் சிடுமூஞ்சியாக இருந்து நாலு வார்த்தை அதட்டியிருந்தால் எங்கள் பெண்கள் தெலுங்கிலேயே திட்டி அனுப்பியிருப்பார்கள், வகுப்பும் பிழைத்திருக்கும். இவரோ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், குடும்பத்தை விசாரித்தார், கொடுத்த கலர் சோடாவை மீதி வைக்காமல் குடித்தார். அதற்குப் பிறகு நோகாமல் கேட்டார்: "வீட்ல என்ன பாஷைம்மா பேசுவீங்க?"

எங்கள் வீட்டில் பதில் சொன்னது அம்மா. "தமிழ்தான் சார். நாங்க இந்த ஊரு ஆளுங்கதான்."

அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வந்தவர் எதிரில் அம்மாவை மறுத்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. நான்தான் குறுக்கே புகுந்தேன். "சார், இவங்க தெலுங்குதான் பேசுவாங்க. நீங்க இருக்கறதால இப்படிச் சொல்றாங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியா? தெலுங்குல ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா, கேட்போம்" என்றார் அம்மாவிடம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டாள். "எனுக்கு அவ்ளோவா வராது சார்."

வீட்டுக்கு வீடு இதே கூத்துதான். ஒருத்தி மட்டும் கொஞ்சம் துணிந்து, "தெலுங்கும் பேசுவோம் சார், ஆனா உங்களுக்குக் கஷ்டம்னா தமிழே பேசறோம்" என்றாளாம்.

அவர் போனதும் அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளைத் திட்டத் தொடங்கினாள். வீடு தேடி வந்த மனுஷன் முகத்துக்கு நேராக, நீ வேறு நாங்கள் வேறு என்று எப்படிச் சொல்வது, அது என்ன பழக்கம், உன்னை இப்படியா வளர்த்தேன் என்று விடாமல் பேசினாள். அத்தனையும் தெலுங்கில். எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். நம் சமன்பாட்டில் மரியாதைக்கென்று ஓர் உறுப்பு சேர்க்க வேண்டும், இங்கே பேராசையால் யாரும் மொழியை விடவில்லை, அடுத்தவர் மனம் கோணக்கூடாது என்று விடுகிறார்கள் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சேர்த்துக்கோ. மரியாதைக்கு அலகு என்ன?"

அதிகாரி எழுதிக்கொண்டு போனதைத் தரவு என்றார். என் அம்மா பேசியதைக் கதை என்றார். பேராசையால் விட்டாலும் பெருந்தன்மையால் விட்டாலும் கோடு கீழேதான் வரும், காரணம் எதுவானால் உனக்கென்ன என்றும் கேட்டார். அந்த ஆள் சொன்னது சரி என்பதுதான் இன்றைக்கும் எரிகிறது. ஆய்வேட்டை அவர் சொன்னபடியே முடித்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஜூன் மாதம் வகுப்பைத் தமிழ்வழியோடு சேர்த்தார்கள். அக்காவுக்கு வேலை போனது. சில வாரம் அலைந்துவிட்டு, மகள் படித்த அதே நர்சரியில் மிஸ்ஸாகச் சேர்ந்தாள். அங்கே இங்கிலீஷைத் தவிர வேறு எது பேசினாலும் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்த வேண்டும். நிறுத்தாத மிஸ்ஸை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மற்ற பிள்ளைகள் மிஸ்ஸைப் பார்த்தால் பயந்து வாயை மூடிக்கொள்ளும். மிஸ்ஸைப் பார்த்தால் வாய் திறக்கும் குழந்தை அங்கே ஒன்றே ஒன்றுதான். அது அம்மாவைப் பார்த்ததும் தெலுங்கில் பேசியது. முதல்முறை அக்கா காதில் விழாததுபோல இருந்துவிட்டாள். தாளாளர் பார்த்துக்கொண்டிருந்த அன்று அவளால் அப்படி இருக்க முடியவில்லை. தன் மகளைத் தன் கையாலேயே பிடித்து இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தினாள்.

பள்ளியில் குழந்தை வாய் தவறக் கூடாதே என்று அன்றிலிருந்து வீட்டிலும் தெலுங்கை நிறுத்தினாள். தமிழும் கூடாது. அவளுக்கு வரும் இங்கிலீஷோ கைவிரலுக்குள் அடங்கிவிடும். தூங்கும்போதுகூட ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள் என்று நாங்கள் கேலி செய்த அக்கா, தன் மகளிடம் ஒற்றை வார்த்தைகளில் பேச ஆரம்பித்தாள்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தை வாசற்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகில் தெலுங்கில் கேட்டது: "மாமா, அம்மாவுக்கு என்மேல கோவமா? என்கூடப் பேசவே மாட்டேங்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கம். ஈட்."