நிலாவெளியில் அவர் பிடித்த மீன்

ஹட்டனிலிருந்து நிலாவெளிக்கு வந்ததே, மகள் கடலுக்குள் முகம் வைத்து மீன் பார்க்க ஆசைப்பட்டாள் என்றுதான். இன்று காலை படகில் ஏறியதும் என் வீட்டுக்காரர் தூண்டிலை எடுத்துவிட்டார்.

"ஒன்னே ஒன்னு கொத்தட்டும் பாப்பா, அப்புறம் போவோம்."

மகள் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். வெயில் ஏறியது. எதுவும் கொத்தவில்லை.

"என்னங்க, புள்ள பாவம்ங்க," என்றேன்.

"இந்தா, இழுக்குது பாரு," என்றார். இழுத்தது அலை.

கடைசியில் படகுக்காரரே சொல்லிவிட்டார். "காத்து எழும்பிட்டு அக்கா. இனி பவளப்பாறைப் பக்கம் போக ஏலாது."

கரை சேரும்வரை மகள் கண்ணாடியைக் கழற்றவில்லை. உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

இவரோ கரையில் ஒரு பாரை மீனை வாங்கி, தூக்கிப் பிடித்துப் படமெடுத்து, தானே பிடித்ததாகப் பதிவும் போட்டுவிட்டார்.

அதற்கு லைக் போட்ட சொந்தங்களே, தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.