கத்தியில் ஒரு பொட்டு

போன வெள்ளிக்கிழமை காலை போடிமெட்டு சோதனைச் சாவடியில் என்னை ஜீப்பிலிருந்து இறக்கி நிறுத்திவிட்டார்கள். காரணம், என் இடுப்பில் இருந்த கத்தி.

பதறாதீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு அரட்டை அடிக்கும் ஆசாமி தடம் மாறிவிடவில்லை. அது நானே செய்த கத்தி.

எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கத்தி எதற்கு? நியாயமான கேள்விதான். மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் நண்பன் நாகராஜ், "நீ பேனாவத் தவிர வேற எதையாச்சும் கையில பிடிச்சிருக்கியாடா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். ரோஷம்... வேறொன்றுமில்லை.

எங்கள் தெருமுனையில் ஓர் இரும்புப் பட்டறை இருக்கிறது. ஜீப்பின் பழைய ஸ்பிரிங் பட்டைகள் அங்கே கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஒரு துண்டை உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, அரத்தால் ராவினேன். முதல் துண்டு எண்ணெயில் முக்கியதும் விரிசல் விட்டது. அடுத்தது வாழைப்பழம் மாதிரி வளைந்துபோனது. அதற்கடுத்ததுதான் கத்தி என்று சொல்லும்படி வந்தது. பிடிக்குக் குரங்கணியிலிருந்து காபிக் கட்டை. இறுக்க இரண்டு பித்தளை ஆணி.

உறை எருமைத் தோல். தோலை நனைத்து, மேலே ஓர் ஏலக்காய்க் கொத்தை வரைந்து, சுற்றிலும் மழுங்கிய உளியால் தட்டித் தட்டி அமுக்கினால் படம் புடைத்துக்கொண்டு எழும். எழுந்தது. என் மனைவி சாந்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "கரப்பான்பூச்சி நல்லா வந்திருக்கு" என்றாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தைத்து முடித்த பிறகு பார்த்தால் உறை கொஞ்சம் இறுக்கம். வியாழன் சாயங்காலம் அதை மறுபடி நனைத்து, கத்தியை உள்ளே செருகி வைத்தேன். கத்தியோடு சேர்ந்து காய்ந்தால் தோல் அளவு பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலையில் ஈரம் முழுசாகப் போகவில்லை. ஆனால் நாகராஜிடம் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டதே! அப்படியே இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்சைத் தவறவிட்டதால் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் பேச்சியம்மாள். ராசிங்காபுரத்துக்காரர். மடியில் ஒரு பை கொய்யாப்பழம், நெற்றியில் திருநீறு மட்டும். கணவர் போய்ச் சில வருடம் ஆகிறதாம். மகள் நர்சிங் படிக்கிறாளாம். நாலைந்து வளைவு திரும்புவதற்குள் இவ்வளவையும் சொல்லிவிட்டார்.

ஜீப்பில் என்னிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் ஆயுதம் இருந்தது. தோட்டத்தில் செடி கழிக்கிற வாக்கத்தி. என்னுடையதைவிட இரண்டு மடங்கு நீளம், வளைந்த மூக்கு, சாக்கில் சுற்றிக் காலடியில் போட்டிருந்தார்கள். சாவடியில் எட்டிப் பார்த்த கேரளப் போலீஸ்காரர் அதையெல்லாம் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் என் இடுப்பைப் பார்த்தார்.

"சாரே, இது எந்தா?"

"கத்தி. நானே செஞ்சது."

பெருமையை மறைக்க முடியவில்லை. கீழே இறங்கி உருவிக் காட்டச் சொன்னார். உருவினேன்.

கத்தி சிவப்பாக இருந்தது.

நுனியிலிருந்து பிடி வரைக்கும் ஈரமாய், திட்டுத் திட்டாய்ச் சிவப்பு. போலீஸ்காரர் ஓரடி பின்னால் போனார். அவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி அதிகம்.

"இது ரத்தமா?"

நான் கத்தியால் வெண்டைக்காய் கூட வெட்டவில்லையே! பிறகுதான் உறைத்தது. அன்று வெள்ளிக்கிழமை. நான் குளிக்கப் போனபோது சாந்தி கத்தியை எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, திரும்ப ஈர உறைக்குள்ளேயே செருகியிருக்கிறாள். உள்ளே அது கரைந்து ஓடியிருக்கிறது. (பிற்பாடு கேட்டதற்கு, "புது இரும்பு வாசல் தாண்டுது, பொட்டு வைக்காம அனுப்புவாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.)

"குங்குமம் சார்" என்றேன். குற்றவாளிகள் பேசுகிற குரலில் வந்தது.

அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். "எஸ்.ஐ. வரட்டும். அதுவரை வண்டி ஓரமா நிக்கட்டும்" என்றார். எஸ்.ஐ. எப்போது வருவார்? அவருக்கே தெரியவில்லை. சாந்தியைக் கூப்பிடலாமென்றால் போனில் சிக்னல் இல்லை.

பேச்சியம்மாள் இறங்கி வந்தார்.

"சார், நேரத்துக்குப் போய்ப் பேரு குடுக்கலேன்னா தோட்டத்துல திருப்பி அனுப்பிருவாங்க. இம்புட்டுப் பேரு சோலியும் போயிரும்."

"அதுக்கு நான் என்ன செய்ய? இது என்னன்னு தெரியணுமில்லே?"

பேச்சியம்மாள் என் கையிலிருந்த கத்தியில் விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். மோந்து பார்த்தார். "குங்குமந்தான்" என்றார்.

"மோந்து பார்த்துச் சொன்னா ஆச்சா?"

அவர் ஒரு கணம் விரலையே பார்த்தார். அப்புறம் அதைத் தன் நெற்றியில், திருநீற்றுக்கு நடுவில், அழுத்தி வைத்தார்.

"ரத்தத்த எவளாச்சும் நெத்தியில வப்பாளா சார்?"

போலீஸ்காரர் அவர் நெற்றியைப் பார்த்தார். தாலியில்லாத கழுத்தைப் பார்த்தார். அவருக்கும் ஊர் வழக்கம் தெரியும்தானே? தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேறெங்கோ பார்த்தபடி, "போ... போ" என்றார்.

ஜீப் கிளம்பியது. எனக்கு வெட்கமாக இருந்தது. என் ரோஷத்துக்கு நான் செய்த கத்தி, இந்தம்மாவை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது! பக்கத்திலிருந்த பெண் மெல்ல, "மதினி, அழிச்சிருங்க" என்று முந்தானையை நீட்டினாள்.

"எறங்கையில பாத்துக்கலாம் விடு. டிரைவரண்ணே, வெரசா போங்க."

பிறகு என்னிடம் கை நீட்டினார். "அண்ணே, அதக் குடுங்க." வாங்கி, சேலையில் ஒரு ஓரத்தை மட்டும் துடைத்து, கொய்யாப்பழத்தைத் துண்டு போட்டார். நாகராஜ் முன்னால் ஏதாவது பிரமாதமாக வெட்டிக் காட்டவேண்டும் என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த முதல் வெட்டு! ஆளுக்கொரு துண்டு வந்தது. எனக்கு வந்ததில் புழு.

"வெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்குண்ணே இம்புட்டுச் சிங்காரம்? ஒரு சாக்கச் சுத்திட்டு வந்திருந்தா ஒருத்தன் கேட்டிருப்பானா?"

வாஸ்தவம். நீளமான கத்தியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதை ஒருவன் அலங்கரித்து வைத்திருந்தால்தான் சந்தேகம் வருகிறது. வேலைக்கான கத்தியை யாராவது இவ்வளவு சிரத்தையாக அழகுபடுத்துவார்களா?

நல்லவேளை, ஜீப் நேரத்துக்குப் போய்விட்டது. நாகராஜ் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பரவாயில்லடா" என்றான். அவனிடமிருந்து வந்தால் அது பெரிய பாராட்டு. கூடவே, உறையில் எதற்குக் கரப்பான்பூச்சி என்றும் கேட்டான்.

சாயங்காலம் அதே ஜீப். அதே ஆட்கள். கத்தியைச் சாக்கில் சுற்றிக் காலடியில் போட்டிருந்தேன். சாவடியில் அதே போலீஸ்காரர் கையசைத்து அனுப்பிவிட்டார்.

பேச்சியம்மாள் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். பகல் முழுக்க வேலை, வியர்வை, இடையில் ஒரு சாரல். திருநீறு போயிருந்தது. பொட்டு அப்படியே இருந்தது.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே பாக்குறீங்க? அழிச்சுத்தான் பாத்தேன். உங்க வீட்டுக் குங்குமம் லேசுல போக மாட்டேங்குது."

நான் தலையாட்டினேன். என் கத்தியில் இருந்தது ஒரே துடைப்பில் போயிருந்தது.