செத்த காதில் விழுந்த சத்தம்

இது உண்மையாக நடந்தது. கஜீவனைத் தெரிந்தவர்கள் வெள்ளவத்தையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம்பாதவர்கள் போய் விசாரிக்கலாம். அவனிடமே நேரில் கேட்டுப் பயனில்லை, அதற்கான காரணம் கடைசியில் தெரியும். பேய் என்றால் நடுச்சாமம், அமாவாசை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவேண்டும். இது நடந்தது பட்டப்பகலில், ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள்.

கஜீவனும் அஹ்ஸனும் மருதானையில் ஸ்பீக்கர் கடை நடத்தினார்கள். ஹோட்டல், மண்டபம் என்று எங்கே மெல்லிய பாட்டு ஓடவேண்டுமோ அங்கே போய், எத்தனை ஸ்பீக்கர், எந்தெந்த இடம் என்று திட்டம் போடுவது கஜீவனின் வேலை. அவன் காதுக்கு அப்படியொரு பெயர். ஆனால் இடது காது செத்து இரண்டு வருடம். வலதும் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. டொக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவி ஆரணிக்கும் சொல்லவில்லை, அஹ்ஸனுக்கும் சொல்லவில்லை. காது போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பயம் அவனை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்தது.

களனிக்கு அப்பால், ஆற்றோரம் அந்தப் பண்ணை. கொட்டில் இருநூற்றெண்பது அடி நீளம், தகரக் கூரை, வரிசையாகப் பதினான்கு தூண்கள். நாள் முழுக்கப் பாட்டுப் போட்டால் மாடு கூடப் பால் தரும் என்று புது முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சிரிக்காதீர்கள், முதலாளி நம்பினார். பெரிய ஸ்பீக்கர் இரண்டு வைத்தால் மாடு மிரளும். சின்னதாகப் பல வைக்கவேண்டும். அதற்கு முதலில் எதிரொலி எங்கே அடிக்கிறது என்று தெரியவேண்டும். கஜீவனின் வழி மிகச் சுலபம். ஒவ்வொரு தூணடியிலும் நின்று ஒரேயொரு தடவை பலமாகக் கைதட்டி, காதைக் கொடுத்துக் கேட்பான்.

"நீ தட்டிட்டு வா மச்சான், நான் வெளிய வயர் வாற வழியப் பாக்குறேன்" என்று அஹ்ஸன் போய்விட்டான். மாடுகள் மேயப் போயிருந்தன. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் மக்கீன் வாசலோடு நின்றுகொண்டார்.

"வாங்கோவன் நானா" என்று கஜீவன் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான்.

"நீங்க போங்க தம்பி."

பிற்பகல் 2.10. முதலாம் தூண். ஒரு தட்டு. எதிரொலி வலது காதில் மங்கலாக விழுந்தது. தாளில் குறித்துக்கொண்டான். இரண்டு, மூன்று, நான்கு... எல்லாம் அப்படித்தான். பழைய வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு, ஆளுயரத்துக்கும் மேலே, சுவர் நீளத்துக்கும் கூடவே வந்தது.

2.16. ஐந்தாம் தூண். தட்டினான். எதிரொலி பிந்தி வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் பிந்தி...

இடது காதில்.

கஜீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காது திரும்பிவிட்டது! பயப்படவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை, பாவம். ஆறாம் தூணுக்கு ஓடித் தட்டினான். கேட்டது. ஏழு, எட்டு, ஒன்பது... சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டே தட்டினான். ஒவ்வொரு தட்டுக்கும் இடது காதில் பதில் விழுந்தது.

2.21. பத்தாம் தூண். தட்டினான். பதில் வந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள, வலது காதை விரலால் இறுக்கி அடைத்தான். காகம் கரைவது நின்றது. தெருவில் லொறிச் சத்தம் நின்றது.

டப்... டப்... டப்.

டப்... டப்.

அவன் தட்டவில்லை.

"அஹ்ஸன்? விளையாடாத."

அஹ்ஸன்தான் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்காவிட்டால் காது திரும்பியது பொய்யாகிவிடும். பதினொன்றில் தட்டினான். பன்னிரண்டு. பதின்மூன்று. மூன்று தட்டு, பிறகு இரண்டு. அதே கணக்கில்தான் பதில். ஆனால் கிட்ட... வேகமாக...

2.26. பதினான்காம் தூண். கடைசிச் சுவர். ஆள் இல்லை. தட்டினான்.

பதில் தலைக்கு மேலிருந்து வந்தது.

நிமிர்ந்தான். கூரை இரும்புக் கம்பி. வெறும் கம்பி.

தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

சேற்றுத் தண்ணீர்.

மழை பெய்து மூன்று வாரம்.

ஓடினான்.

"நானா... உள்ள ஆரோ கை தட்டுகினம். மூண்டு தரம். பிறகு ரெண்டு."

மக்கீனின் முகம் வெளிறியது. "எதிரொலி தம்பி" என்றுவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தம் வீட்டுக்கும் வந்தது. எட்டாம் நாள் வியாழக்கிழமை, காலை 6.40. ஆரணி தேத்தண்ணீர்க் கோப்பையோடு வந்து ஏதோ சொன்னாள். வாய் மட்டும் அசைந்தது. கடலோரத்து ரயில் போனது. தரை அதிர்ந்தது, சத்தமில்லை. வலது காதும் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அறையின் கூரை மூலையிலிருந்து...

டப். டப். டப்.

டப். டப்.

அந்த ஞாயிறு அஹ்ஸன் மக்கீனைக் கூட்டிவந்தான். அவர் கதிரையில் உட்கார்ந்து அழுது அழுது சொன்னதை அஹ்ஸன் ஒரு தாளில் எழுதிக் கஜீவனிடம் நீட்டினான். அந்தத் தாளை நானும் பார்த்தேன்.

"மூணு வருசத்துக்கு முந்தின வெள்ளத்துல, பால் கறக்கிற சிவமணி மாடுகள அவுத்து விடப் போய் உள்ள மாட்டிக்கிட்டான். கூரைக் கம்பியில ஏறி இருந்தான். கத்திக் கத்திக் குரல் போன பொறகு கைதான் தட்டினான். மூணு, பொறகு ரெண்டு. எங்கட போட்ல இடமில்ல. 'கேட்டிச்சு, இரி, திரும்பி வாறோம்' எண்டு சொல்ல நானும் ஒரு தட்டுத் தட்டினேன். திரும்பிப் போகல்ல. அஞ்சாம் நாள்தான் தண்ணி வத்தினது. மய்யித்த, அவன்ட பொணத்த, கம்பியிலருந்து எறக்கக்குள்ள ரெண்டு உள்ளங்கையும் கிழிஞ்சு இருந்திச்சு."

கஜீவன் இரண்டு தடவை படித்தான்.

மக்கீன் திருப்பித் தட்டியது ஒரு தடவை.

'இரி, திரும்பி வாறோம்' என்று கஜீவன் தட்டியது பதினான்கு.